ஒரு பெட்டி, ஒரு முறுக்கு டின், அப்புறம் இவர்

“ஸ்கூல்ல மறுபடியும் கையெழுத்து கேக்குறாங்க. இன்னும் மூணு வருஷத்துக்கு. என்னங்க சொல்லட்டும்?”

“உன் இஷ்டம், கோகிலா.”

“என் இஷ்டம் எனக்குத் தெரியும். நான் உங்களைக் கேட்டேன்.”

“காத்து ரொம்ப அடிக்குதுல்ல? உள்ள போயிடலாமா?”

கப்பலின் மேல்தளத்தில் நடந்த பேச்சு இது. வெற்றிவேல் இதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் கடைசி வரியை மட்டும் மாற்றிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நல்ல வரிகள் கிடைக்கும். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி பெயிண்ட் கடை வைத்திருப்பவர் அவர். ஐவரிக்கும் க்ரீமுக்கும் என்ன வித்தியாசம் என்று வாடிக்கையாளரிடம் அரை மணி நேரம் அலுக்காமல் பேசுவார். மனைவியிடம் பேச வேண்டிய இடத்தில் மட்டும் காற்று அடித்துவிடும்.

கோகிலவாணி சிங்கப்பூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. முதலில் இரண்டே வருடம் என்றுதான் போனாள். அது நீண்டது. மகள் ஸ்நேகா திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் வெற்றிவேலும் ஒரு ஃப்ரிட்ஜும்தான். அதில் ஃப்ரிட்ஜ்தான் அதிகம் சத்தம் போடும்.

பொங்கலுக்கு லீவு போட்டு வந்த கோகிலாதான் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கை. அங்கே சில நாள் சுற்றிவிட்டு, கொழும்பிலிருந்து அவள் சிங்கப்பூருக்குப் பறந்தாள், இவர் மீனம்பாக்கத்துக்கு. பிரியும்போது விமான நிலையத்தில் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இவர் கையை ஆட்டினார். கையை ஆட்ட வாய் தேவையில்லை என்பது அவருக்குப் பெரிய வசதி.

பிறகு ஒரு நாள், இதெல்லாம் போனில் பேசுகிற விஷயம் இல்லை, நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். போனில் எதை ஆரம்பித்தாலும் ‘சாப்டியா’வில் வந்து முடிகிறது. மாதக் கடைசிக்குள் அவள் பள்ளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தம்பியிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, டிக்கெட் எடுத்து, விமான நிலையம் போனார்.

குடிநுழைவு கவுன்டரில் இருந்த அதிகாரி திரையைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

“நீங்க போக முடியாது சார். நீங்க போகவே இல்ல.”

“அதான் இப்பப் போறேனே சார்.”

“அதைச் சொல்லல. போன வருஷம் ஜூன்ல சிங்கப்பூர்லேர்ந்து உள்ள வந்திருக்கீங்க. பதிவு இருக்கு. இந்த ஜனவரில கொழும்புலேர்ந்து உள்ள வந்திருக்கீங்க. அதுவும் இருக்கு. நடுவுல வெளிய போன பதிவு இல்ல.”

“கப்பல்ல போனேன் சார்.”

“கப்பல் போயிருக்கு. அது பதிவாயிருக்கு. நீங்க போகல.”

“நான் அந்தக் கப்பலுக்குள்ளதான் சார் இருந்தேன்.”

“அது உங்களுக்கும் கப்பலுக்கும் நடுவுல உள்ள விஷயம்.”

வெற்றிவேல் பாஸ்போர்ட்டில் இலங்கை முத்திரையைத் தேடி எடுத்துக் காட்டினார். அதிகாரி அதைப் பணிவோடு பார்த்தார்.

“இது அவங்க முத்திரை சார். அடுத்த நாட்டு முத்திரைக்கு நாங்க மரியாதை கொடுப்போம். நம்ப மாட்டோம். உள்ள வராம வெளிய போகலாம், வெளிய போகாம உள்ள வர முடியுமா? நீங்க ரெண்டு தடவை உள்ள வந்திருக்கீங்க. அப்ப கம்ப்யூட்டர் கணக்குப்படி இந்தியாவுல ரெண்டு வெற்றிவேல் இருக்காங்க. அதுல எந்த வெற்றிவேல் இப்ப என் முன்னாடி நிக்கிறார்னு தெரியாம நான் எப்படி விடறது?”

“ரெண்டு பேரையும் விட்டுடுங்க சார்.”

“டிக்கெட் ஒண்ணுதானே எடுத்திருக்கீங்க?”

விமானம் அவர் இல்லாமல் கிளம்பியது. கையில் ஒரு சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். ‘கடல்வழிப் புறப்பாட்டுச் சீராக்கப் பிரிவு, மேடவாக்கம்’ என்று அதில் இருந்தது.

இரவு கோகிலா கூப்பிட்டாள்.

“ஏங்க, ஏர்போர்ட்ல வந்து நின்னுட்டு இருந்தேன். என்னாச்சு?”

“ஒரு சின்ன டெக்னிக்கல் பிரச்சினை.”

“பிளேன்லயா?”

“என்கிட்ட.”

“எதுக்கு திடீர்னு வரேன்னும் சொல்லல. ஏன் வரலைன்னும் சொல்ல மாட்டேங்குறீங்க.”

“சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான்.”

“சும்மாவா?”

“ம். சாப்டியா?”

மறுநாள் காலை நண்பர் லாசரஸ் தன் ஸ்கூட்டரில் அவரை மேடவாக்கத்துக்கு அழைத்துப் போனார். லாசரஸ் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். சிக்னலில் நின்ற நேரமெல்லாம் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“மச்சான், ரெண்டு பேருன்னா ஒருத்தன் கடையில உக்காரு, இன்னொருத்தன் நம்ம ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கு வந்து கயிறு இழு. ஆள் பத்தல.”

“நீ வண்டியைப் பாத்து ஓட்டுடா.”

“தங்கச்சிகிட்ட ரெண்டு புருஷன்னு சொல்லிட்டியா? ஒருத்தனையே வச்சு சமாளிக்க முடியாமதான் சிங்கப்பூர் போச்சு.”

வெற்றிவேல் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். லாசரஸும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

கடலை ஒழுங்குபடுத்தும் அந்த அலுவலகம், கடலிலிருந்து வெகு தூரத்தில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருந்தது. அங்கே கண்ணுக்குத் தெரிந்த ஒரே தண்ணீர், ரோட்டில் சொட்டிக்கொண்டே போன லாரித் தண்ணீர்தான். வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி இவர்களைப் பார்த்ததுமே கேட்டார்.

“இன்னா சார், கப்பல் கேஸா? மூஞ்சப் பாத்தாலே தெரியுது. மேல ரெண்டாவது மாடி. லிப்ட் கீது, ஆனா ஓடாது. போன வாரம் வந்த ஒருத்தர் இன்னும் மேலதான் கீறாரு.”

மேலே சுவரில் ஒரு பெரிய கப்பல் படம். அதைச் சுற்றி டிஸ்டெம்பர் உரிந்து தொங்கியது. ப்ரைமர் அடிக்காமல் வேலை செய்திருக்கிறார்கள் என்று வெற்றிவேலுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. அதற்குக் கீழே, பிரிவின் தலைவர் தட்சிணாமூர்த்தி அமர்ந்திருந்தார். வருகிறவர்களைப் பிரியமாக வரவேற்பார். அதில்தான் சங்கடம். கோபப்படவும் முடியாது.

“உக்காருங்க சார். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்தப் பிரிவு ஆரம்பிச்சதுலேர்ந்து எங்க பதிவுல ஒரு தப்புகூட நடந்தது இல்ல. தப்பா இருக்கறதெல்லாம் ஆளுங்கதான். பதிவு அப்படியே இருக்கும், ஆள் வந்து வந்து மாறுவார். நாங்க ஆளைத் திருத்தி அனுப்பிடுவோம்.”

“என் விஷயத்துல எதைத் திருத்தணும் சார்?”

“நீங்க ரெண்டு பேரா இருக்கீங்க. ஒண்ணாகணும். அவ்வளவுதான். ஏற்கனவே உள்ள இருக்கற முதல் வெற்றிவேல், ரெண்டாவதா வந்த வெற்றிவேலுக்குத் தடையில்லாச் சான்று கொடுக்கணும். உங்களுக்குள்ள மனஸ்தாபம் எதுவும் இல்லையே?”

“யாருக்குள்ள சார்?”

“உங்களுக்கும் உங்களுக்கும்.”

வெற்றிவேல் தனக்குத் தானே தடையில்லை என்று எழுதி, கொடுப்பவர் இடத்தில் ஒரு கையெழுத்தும் பெறுபவர் இடத்தில் ஒரு கையெழுத்தும் போட்டார். தட்சிணாமூர்த்தி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கே சார். ஒருத்தரே போட்ட மாதிரி தெரியுது.”

“ஒருத்தர்தான் சார் போட்டேன்!”

“அப்ப போலிக் கையெழுத்து ஆயிடும். நாளைக்கு வாங்க.”

மறுநாள் ஒன்றை இடது கையால் போட்டார். கையெழுத்து கோப்பில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று அதுவும் திரும்பியது. அதற்கு அடுத்த நாள் மின்சாரம் இல்லை. அதற்கும் அடுத்த நாள் தட்சிணாமூர்த்தி இல்லை. ‘விரைவான சேவை’ பற்றிய பயிலரங்குக்குப் போயிருப்பதாகவும், அது முடிய நாளாகும் என்றும் சொன்னார்கள். மேடவாக்கம் கூட்டுரோட்டில் நசுங்கி நசுங்கி வீடு திரும்பும்போது வெற்றிவேலுக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. தன்னையே அடித்துக்கொள்ளலாம் என்றால், அதிலும் யார் யாரை அடித்தது என்று ஒரு சான்று கேட்பார்கள்.

கோகிலா தினமும் கூப்பிட்டாள். தினமும் “இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு” என்றார். ஒரு நாள் அவள், “வெள்ளிக்கிழமை கடைசி நாள்ங்க” என்றாள். எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்த வாரம் கள ஆய்வு நடந்தது. பிரிவின் ஆய்வாளர் கேசவன், வீட்டில் எத்தனை வெற்றிவேல்கள் வசிக்கிறார்கள் என்று நேரில் பார்க்கப் பெருங்களத்தூருக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அறை அறையாகப் போனார். சமையலறையில் கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு தட்டு, ஒரு டம்ளர். பாத்ரூமில் ஒரு பிரஷ். படுக்கையில் ஒரு பக்கம் மட்டும் கசங்கியிருந்தது. மறுபக்கம் விரித்தது விரித்தபடி இருந்தது.

“அந்தப் பக்கம் யாரும் படுக்கறதில்லையா சார்?”

“அது என் ஒய்ஃப் பக்கம்.”

“அவங்க எப்ப வருவாங்க?”

“தெரியல சார்.”

கேசவன் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். போகும்போது ஒரு நகலும் கொடுத்தார். ‘வீட்டில் ஒருவர் மட்டுமே வசிப்பதற்கான அடையாளங்கள் உள்ளன. அவரும் முழுமையாக வசிப்பதாகத் தெரியவில்லை’ என்று இருந்தது. அந்த அலுவலகத்திலிருந்து வந்ததில் இது ஒன்றுதான் சரியான பதிவு என்று வெற்றிவேலுக்குத் தோன்றியது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை கேசவனே போன் செய்தார். “சார், உடனே வாங்க. நீங்க கிடைச்சிட்டீங்க!”

லாசரஸ் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். பிரிவில் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். தட்சிணாமூர்த்தி எழுந்து நின்றே கை கொடுத்தார்.

“வாழ்த்துகள் சார். நீங்க உண்மையிலேயே வெளிய போயிருக்கீங்க. நாங்கதான் தப்பான இடத்துல தேடிட்டோம். பயணிகள் பட்டியல்ல தேடிட்டு இருந்தோம்.”

“வேற எங்க சார் இருந்தேன்?”

தட்சிணாமூர்த்தி பெருமையோடு படித்தார். “பயணியின் பெயர், கோகிலவாணி. உடன் கொண்டு செல்லும் பொருட்கள்: பெட்டி ஒன்று, முறுக்கு டின் ஒன்று, வெற்றிவேல் ஒன்று.”

லாசரஸ் வேகமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக் கப்பல் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் முதுகு குலுங்கியது.

வெற்றிவேலுக்குத் துறைமுகம் ஞாபகம் வந்தது. நீண்ட வரிசை. வியர்வை. டிக்கெட் கோகிலா பெயரில் இருந்ததால் கவுன்டரில் அவள்தான் முன்னால் நின்றாள். அவர் பின்னால், ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் அவருடைய அக்கா சிங்கப்பூருக்கென்று சுட்டுக் கொடுத்த முறுக்கு டின். “உங்ககூட என்னெல்லாம் போகுதும்மா?” என்று கவுன்டரில் கேட்டார்கள். கோகிலா திரும்பிப் பார்த்து, “ஒரு பெட்டி, ஒரு முறுக்கு டின், அப்புறம் இவரு” என்றாள். கவுன்டரில் இருந்தவர் மூன்றையும் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார். இரண்டு பாஸ்போர்ட்டும் ஒன்றாகத் திரும்பி வந்தன. பெட்டி எதுவும் சொல்லவில்லை. டின் எதுவும் சொல்லவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை.

“நான் ஆள் சார்! பாத்தாத் தெரியாதா?”

“பாக்கறதை வச்சுப் பதிவு பண்ண முடியாது சார்,” என்றார் தட்சிணாமூர்த்தி பொறுமையாக. “விதி தெளிவா இருக்கு. பயணியோட நிக்கிற, தன் பேரைத் தானே சொல்லாத, கேட்டா பதில் பேசாத எதுவும் உடைமை. நீங்க ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் உங்களை ஆள்னு போட்டிருப்பாங்க. நீங்க பேசல. அந்த கவுன்டர்ல இருந்தவர் மேல எந்தத் தப்பும் இல்ல. அவருக்கு இந்த வருஷம் விருதுகூடக் கொடுத்தோம். வேகத்துக்காக.”

“இப்ப என்ன சார் பண்ணணும்? இன்னிக்கு வெள்ளிக்கிழமை!”

“அதுலதான் சின்னச் சிக்கல். ஒரு சாமான் வெளிய போயிருக்கு. ஆனா ஆளா திரும்பி வந்திருக்கு. சுங்கத்துக்கு இது புதுசு. சாமானோட சொந்தக்காரர் முன்னால நீங்க ஆள்தான்னு நிரூபிக்கணும். அவங்களை வீடியோல கூப்பிடுங்க.”

கோகிலா பள்ளியில் ஆசிரியர்கள் அறையிலிருந்து எடுத்தாள். பின்னால் குழந்தைகள் வரைந்த படங்கள் ஒட்டியிருந்தன. இங்கே வெற்றிவேலின் போன் மேசை மேல் டம்ளரில் சாய்த்து வைக்கப்பட்டது. தட்சிணாமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். விமான நிலையத்தில் நிறுத்தியது, இரண்டு வெற்றிவேல்கள், இடது கைக் கையெழுத்து, முறுக்கு டின். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“இத்தனை நாள் இதுக்கா அலைஞ்சீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?”

வெற்றிவேல் மேசையைப் பார்த்தார்.

“அம்மா, முதல் கேள்வி,” என்றார் தட்சிணாமூர்த்தி. “இங்க உக்காந்திருக்கற இது உங்களோடதா?”

கோகிலா திரைக்குள் கொஞ்சம் முன்னால் வந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டைக் காலரில் தையல் விட்டிருந்ததைக்கூடக் கவனித்திருப்பாள்.

“ஆமா சார். என்னோடதுதான்.”

கேசவன் எழுதிக்கொண்டார். வெற்றிவேலுக்குக் காது சூடானது.

“நன்றிம்மா. சொந்தம் நிரூபணம் ஆயிடுச்சு. இனி ஆள் நிரூபணம்.” தட்சிணாமூர்த்தி இவர் பக்கம் திரும்பினார். “நீங்க அவங்ககிட்ட ஏதாவது ஒண்ணு கேக்கணும் சார். நீங்களா, யாரும் சொல்லித் தராம. சாமான் எதையும் கேக்காது பாருங்க. கேட்டா அது ஆள். விதி அவ்வளவுதான்.”

வெற்றிவேல் திரையைப் பார்த்தார்.

“சாப்டியா?”

“அது விசாரிப்பு,” என்றார் கேசவன், பேனாவை எடுக்காமலே. “கோரிக்கை வேணும்.”

“உடம்பைப் பாத்துக்கோ.”

“அது அறிவுரை சார்.”

“டேய்,” என்று பல்லைக் கடித்தார் லாசரஸ். “கேளுடா. ஒரு சட்டை வாங்கிட்டு வரச் சொல்லு, ஒரு சென்ட் பாட்டில் கேளு. ஏதாவது கேட்டுத் தொலைடா!”

கோகிலா சிரிக்க முயன்றாள். “அவரை விட்டுடுங்க சார். அவர் கேக்க மாட்டார். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு டம்ளர் தண்ணிகூட என்கிட்ட கேட்டது இல்ல, தானே எழுந்து போய் எடுத்துப்பார். எல்லாம் என் இஷ்டம்னுதான் சொல்வார்.” அவள் வேறு பக்கம் பார்த்தாள். மேசை மேல் இருந்த எதையோ கையால் நேராக்கினாள். “சரிங்க. பிரின்சிபால் வெயிட் பண்றாங்க. நான் போய்க் கையெழுத்து போட்டுட்டு வந்து பேசறேன்.”

கீழே ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. ஃபேன் சுற்றியது. காற்று அடித்தது. இந்த முறை உள்ளே போக இடம் இல்லை. ஏற்கனவே உள்ளேதான் இருந்தார்.

“போடாத.”

கோகிலா திரும்பினாள்.

வெற்றிவேல் எழுந்து நின்றிருந்தார். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தட்சிணாமூர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். லாசரஸ் அவர் தோளில் கை வைத்து அழுத்தினார்.

“கையெழுத்துப் போடாத, கோகிலா. இங்க நான் ரெண்டு பேர் இருக்கேன்னு எழுதி வச்சிருக்காங்க. ரெண்டு பேராலயும் முடியல. வீட்டுக்கு வந்துடு.”